மதர்போட் செத்துப்போச்சு என்று சொல்ல முதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் சுன்னாகத்திலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார். மகனுக்காகப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய புதுக் கணினி இயங்கவில்லை, கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "மதர்போட் செத்துப்போச்சு, கொழும்புக்கு அனுப்ப வேணும்" என்று வாங்கி வைத்துவிட்டார்கள், யாழ்ப்பாணத்தில் விற்பதெல்லாம் கழிவுச் சாமான் என்று நல்ல சூடாகவே எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் எழுதியதை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்: விசிறி சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது, மொனிற்றரில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்கிறார். இந்தக் கோலத்தில் வருகிற புதுக் கணினிகளில் மதர்போட், அதாவது மற்றப் பாகங்கள் எல்லாம் வந்து பூட்டுகிற தாய்ப்பலகை, உண்மையிலேயே பழுதாக இருந்ததை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். கோண்டாவிலில் வீட்டோடு வைத்து இந்தத் திருத்த வேலை செய்கிறவன் நான். கடை கிடையாது, ஆகவே கடைக்காரருக்கு வக்காலத்து வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

மதர்போட் போய்விட்டது என்பது சொல்கிறவருக்குச் சுகமான பதில். சொன்னவுடன் பொறுப்பு கொழும்பில் இருக்கிற ஏஜென்டின் தலையில் போய்விடும். சாமான் பெட்டியில் போட்டு 400 கிலோமீற்றர் தெற்கே போகும், அங்கே அதைச் சோதிக்கிறவர் பழுதொன்றும் இல்லையே என்று திருப்பி அனுப்பினால் மறுபடி வந்து அதே கேசிங்கில் அதே மாதிரிப் பூட்டப்பட்டு அதே மாதிரிச் சும்மா இருக்கும். இடையில் பிள்ளையின் விடுமுறை முடிந்திருக்கும். இதைத் தவிர்க்க ஒரு மேசையும் ஒரு ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் மொனிற்றர் வயரைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். தனியாக விஜிஏ காட் (திரைக்குப் படம் அனுப்புகிற பலகை) போட்ட கணினியில் எச்.டி.எம்.ஐ. வயரை அந்தக் காட்டின் வாயில்தான் செருக வேண்டும். கேசிங்கின் பின்பக்கம் மேலே மதர்போட்டிலும் அதே மாதிரி ஒரு வாய் இருக்கிறது, கண்ணுக்கு அதுதான் முதலில் படும், கையும் அங்கேதான் போகும். காட் கீழே, குறுக்காக இருக்கும். இதற்குத் தலைகீழான கதையும் உண்டு. கனடாவில் இருக்கிற மாமாவோ லண்டனில் இருக்கிற சித்தப்பாவோ ஊருக்கு வரும்போது கணினியின் மூளையான புரொசஸர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார், நல்ல சாமான்தான், ஆனால் இன்ரெலில் இலக்கத்தின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், அதற்குள் படம் காட்டுகிற பகுதி கிடையாது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600 என்றாலும் இதே கதை, 5600ஜி என்றால் மட்டும் உண்டு. விஜிஏ காட்டைப் பிறகு வாங்கலாம் என்று நினைத்து இந்தப் புரொசஸரைப் போட்டு மதர்போட்டின் வாயில் வயரைச் செருகிவிட்டு விடியும்வரை காத்திருந்தாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். எல்லாம் நன்றாக இருக்கிற கணினி அது. காட் ஒன்றைப் போட்டால் உயிர் வந்துவிடும்.

அடுத்தது ராம், கணினி வேலை செய்யும்போது தற்காலிகமாக நினைவில் வைக்கிற அந்த நீளப் பட்டை. என்னிடம் வருகிற புதுக் கணினிகளில் பெரும்பாலானவற்றின் வருத்தம் இதுதான். முந்தைய மதர்போட்டுகளில் ராம் குழியின் இரண்டு பக்கமும் கொழுக்கி இருந்தது, அழுத்தினால் இரண்டும் எழுந்து கவ்வும், கவ்வினதைக் கண்ணால் பார்க்கலாம். இப்போது பல போட்டுகளில் ஒரு பக்கம்தான் கொழுக்கி. அந்தப் பக்கம் டக்கென்று பூட்டிக்கொள்ளும், மற்றப் பக்கம் ஒரு மில்லிமீற்றர் எழும்பி நிற்கும், மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். போனின் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அந்தத் தங்க நிறப் பல் வரிசையில் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிவது தெரியும். புது ராம் என்பதால் பிள்ளைகள் பயந்து பயந்து அழுத்துகிறார்கள். அழுத்த வேண்டிய அளவு நீங்கள் நினைப்பதைவிடக் கூட. ஆனால் பள்ளம் பொருந்தாமல் நின்றால் அழுத்தாதீர்கள், டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற இரண்டு ராம் வகைக்கும் பள்ளம் வேறு வேறு இடத்தில், ஒரே பெயருடைய மதர்போட்டே இரண்டு வகையிலும் விற்பனைக்கு வருகிறது, பில்லில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். நான்கு குழி உள்ள போட் என்றால் ஒற்றை ராமைப் புரொசஸரிலிருந்து இரண்டாவது குழியிலும், இரண்டு ராம் என்றால் இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதுதான் வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், ஆனால் சில போட்டுகள் அதற்கு மசியாது.

டி.டி.ஆர்.5 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் வீணாகப் பயந்தவர்கள் அதிகம். முதல் முறை போடும்போது மதர்போட் ராமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 குழி உள்ள போட்டுகளில் இது சில நிமிடங்கள் வரை போகும். திரை கறுப்பு, விசிறி சுற்றும், சத்தம் ஒன்றும் வராது, இடையில் தானாக ஒரு முறை நின்று மறுபடி தொடங்கினாலும் தொடங்கும். பிள்ளை அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்தி நிற்பாட்டும், திரும்பப் போடும், அது மறுபடி அடியிலிருந்து தொடங்கும். சந்தனம் குங்குமம் வைத்து நல்ல நேரம் பார்த்துப் போட்ட வீடுகளில் இந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கவே ஏலாது. போட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் போனில் சொல்வது.

பிறகு, மதர்போட்டே வாய் திறந்து சொல்கிற ஒரு விஷயம் இருக்கிறது. அதை ஒருவரும் பார்ப்பதில்லை. இப்போது வருகிற பல போட்டுகளில் ராம் குழிக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக நான்கு சின்ன விளக்குகள் இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். போட்டவுடன் ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் சிக்கல். டிராம் விளக்கு நின்றால் ராம் (நான் மேலே சொன்ன முதல் முறைப் பழக்கத்தின்போதும் இந்த விளக்கு எரியும், அதையும் மனதில் வையுங்கள்). விஜிஏ நின்றால் காட்டையும் அதற்கு வருகிற தனிப் பவர் வயரையும் பாருங்கள். பூட் மட்டும் நின்றால் சந்தோஷப்படுங்கள், கணினி நல்ல சுகம், விண்டோஸ் போடவில்லை அல்லது ஹாட் டிஸ்க்கைக் காணவில்லை என்கிறது, அவ்வளவுதான். விளக்கு இல்லாத மலிவு போட் என்றால், அதில் ஸ்பீக்கர் செருகுகிற நான்கு ஊசி இருக்கும், ஒரு குட்டி பஸ்ஸர் வாங்கிச் செருகினால் பீப் பீப் என்று கத்திச் சொல்லும். எத்தனை முறை கத்தினால் என்ன அர்த்தம் என்பது போட்டுக்குள் பதிந்திருந்து கணினியைத் தொடக்கிவைக்கிற பயோஸ் என்ற புரோகிராமைப் பொறுத்து மாறும், போட்டோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

சிபியு விளக்கு, அதாவது புரொசஸரின் விளக்கு, அணையாமல் நின்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதல் சந்தேகம் புரொசஸருக்குப் போகிற எட்டு ஊசி பவர் வயர். மதர்போட்டின் இடது மேல் மூலையில், விசிறிக்கும் கேசிங்குக்கும் இடையில் ஒளிந்திருக்கிற அந்தக் குழியை மறந்துவிட்டால் விசிறி எல்லாம் சுற்றும், புரொசஸர் மட்டும் பட்டினி. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. விஜிஏ காட்டுக்கு வருகிற எட்டு ஊசி வயரும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றதில் பலவந்தமாகச் செருகினால் மேலே நான் சொன்ன சமாதானம் ஒன்றும் பலிக்காது, அப்போது மதர்போட் உண்மையாகவே போய்விடும். அதே போல, வயரைக் கழற்றிப் பூட்டக்கூடிய பவர் சப்ளை வைத்திருக்கிறவர்கள் பழைய பவர் சப்ளையின் வயரைப் புதியதில் போடவே வேண்டாம். மற்ற முனை ஒன்றாக இருந்தாலும் பவர் சப்ளைப் பக்க முனையில் ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு ஒழுங்கு வைத்திருக்கிறது.

இரண்டாவது சந்தேகம் பயோஸ். கடைக்காரர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை, சிலருக்கு இது தெரியாது என்றும் எனக்கு ஒரு சந்தேகம். ஏ.எம்.டி. புரொசஸருக்கான பி450 போட் 2018இல் வந்தது. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வந்தது. குழி ஒன்றுதான், புரொசஸர் அழகாக உட்காரும், ஆனால் அலுமாரியில் நெடுநாள் கிடந்த போட் என்றால் அதன் உள்ளே இருக்கிற பயோஸுக்கு அந்தப் புரொசஸரைத் தெரியாது. இன்ரெலிலும் அப்படித்தான்: எச்610 போட் 2022 தொடக்கத்தில் 12ஆம் தலைமுறையோடு வந்தது, அதில் 13ஆம் 14ஆம் தலைமுறையைப் போட வேண்டுமென்றால் பயோஸைப் புதுப்பித்திருக்க வேண்டும். சில போட்டுகளில் புரொசஸரே இல்லாமல் யூ.எஸ்.பி. ஸ்ரிக் ஒன்றைப் பின்பக்கத்தில் குறித்த குழியில் செருகிப் பட்டனை அழுத்திப் பயோஸ் மாற்றலாம். அந்த வசதி இல்லாவிட்டால் பழைய புரொசஸர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுத்தான் மாற்ற வேண்டும், அது கடைக்காரர் செய்து கொடுக்க வேண்டிய வேலை. எதுவானாலும் யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம், இடையில் கரண்ட் நின்றால் என்ன நடக்கும் என்று நம் ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே அசையவில்லை என்றால் அது வேறு வழி. சுவரில் இருந்து தொடங்குங்கள். பழைய வீடுகளில் உருண்டை ஊசி பிளக் பொயின்டில் ஓர் அடப்டரைக் குத்தி, அதில் மல்டி பிளக்கைக் குத்தி, அதில் கணினியைக் குத்துவார்கள், அந்த அடப்டரைத் தொட்டாலே ஆடும். அதே பொயின்டில் மேசை லாம்பைச் செருகி எரிகிறதா என்று பாருங்கள். பிறகு பவர் சப்ளையின் முதுகில் இருக்கிற சுவிச், கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பவர் சப்ளை என்றால் முதுகில் சிவப்புச் சுவிச் ஒன்று 115, 230 என்ற இலக்கங்களோடு இருக்கலாம். அது 115இல் நிற்கிற நிலையில் நம் 230 வோல்ற் சுவரில் செருகினால் வெடிச்சத்தமும் புகையும்தான் மிஞ்சும், ஆகவே செருக முதலே பாருங்கள். கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்றும் பலர் சொல்வார்கள். அது ஏர்த் இல்லாத பொயின்ட். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கிற சின்னக் கப்பாசிற்றர்கள் வழியாகக் கேசிங்குக்கு பாதி வோல்ற்றேஜ் வந்து நிற்கிறது, ஏர்த் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். கணினி தொடங்காததற்கு அது காரணமில்லை, ஆனாலும் வயரிங் செய்கிறவரைக் கூப்பிடுங்கள்.

சுவரும் சுவிச்சும் சரி என்றால் கேசிங்கின் முன்பட்டனிலிருந்து வருகிற மெல்லிய வயர்கள். மதர்போட்டின் கீழ் மூலையில் ஒன்பது ஊசிகள், அதில் பவர் சுவிச்சுக்கு இரண்டு. ஒரு ஊசி தள்ளிச் செருகியிருந்தால் பட்டனை நாள் முழுக்க அழுத்தினாலும் வேலையில்லை. வயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஊசியையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுவிடுங்கள். அதில் ஓடுவது மிகக் குறைந்த வோல்ற், ஒன்றும் செய்யாது. கணினி எழும்பினால் குற்றம் வயரில் அல்லது பட்டனில். எழும்பாவிட்டால் 24 ஊசி பெரிய பவர் வயரைக் கொழுக்கி டக்கென்று கவ்வும்வரை அழுத்திப் பாருங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும்.

விசிறி அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது, மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை, பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி அரைச்சுற்று: இது எங்கோ ஷோட் ஆகிறது என்பதற்கான அடையாளம். உரும்பிராயில் ஒரு வீட்டில் இப்படி ஒன்றைப் பார்த்தேன். ஏ.எல். (உயர்தர)ப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த பெடியன், தானே வீடியோ பார்த்துப் பூட்டியிருந்தான், வயர்களை எல்லாம் நல்ல துப்புரவாகக் கட்டியிருந்தான், தகப்பன் பின்னால் நின்று "காசு போச்சு, காசு போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போட்டைக் கழற்றித் தூக்கினேன். கேசிங்கின் தகட்டில் போட்டைத் தாங்குகிற பித்தளைக் கால்கள் பெரிய போட்டின் அளவுக்கு முன்கூட்டியே பூட்டப்பட்டு வந்திருக்கின்றன, அவன் போட்டதோ அதைவிடச் சிறிய மைக்ரோ போட், ஆகவே துளையே இல்லாத இடத்தில் ஒரு கால் போட்டின் முதுகை முட்டிக்கொண்டு நின்றது. ஈயம் வைத்த புள்ளிகளுக்கு நடுவே வட்டமாக ஒரு சின்னக் கீறல். அந்தக் காலைத் திருகிக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டாமல், அப்படியே மேசையில் வைத்து முதலில் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். பயோஸ் திரை வந்தது. "அப்ப கடையில அதைப் பழுது எண்டு சொன்னவங்களே" என்றார் தகப்பன். பெடியன் ஒன்றும் பேசவில்லை, போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தான்.

மேசையில் வைத்துப் பார்த்தது என்று சொன்னேன் அல்லவா, இந்தத் தொழிலின் முழு இரகசியமும் அதுதான். மதர்போட் வந்த மட்டைப்பெட்டியின் மேல் போட்டை வையுங்கள். அது சுற்றி வந்த சாம்பல் நிற உறையின் மேல் வைக்க வேண்டாம், அந்த உறைக்கு வெளிப்பக்கம் கரண்ட் கடத்தக்கூடியது. புரொசஸர், கூலர், ஒரே ஒரு ராம், இரண்டு பவர் வயர், அந்தப் புரொசஸரில் படம் வராது என்றால் விஜிஏ காட், அவ்வளவுதான். ஹாட் டிஸ்க் வேண்டாம், கேசிங் வேண்டாம், வண்ண விளக்கு விசிறிகள் வேண்டவே வேண்டாம். பயோஸ் திரை வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போங்கள், எதைச் சேர்த்தவுடன் நிற்கிறதோ அதுதான் ஆள். வராவிட்டால் பிளக்கைக் கழற்றி, நாணயம் மாதிரி இருக்கிற சிஆர்2032 பற்றரியை எடுத்துச் சில நிமிடம் விட்டுத் திரும்பப் போட்டு, ராமைக் குழி மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புரொசஸரைத் தூக்கி ஊசிகளைப் பாருங்கள், இன்ரெலின் எல்.ஜி.ஏ.1700 குழியில் பெயருக்கேற்ப 1700 ஊசி, போன் கமராவால் பெரிதாக்கிச் சாய்த்துப் பார்த்தால் வளைந்தது ஒன்று மட்டும் வேறு மாதிரி மினுங்கும். இவ்வளவும் பார்த்தும் வரவில்லை என்றால் கொழும்புக்கு அனுப்புங்கள், நானும் அதைத்தான் செய்வேன். அனுப்பும்போது குழியின் மேல் இருந்த கறுப்பு மூடியைப் போட்டே அனுப்புங்கள். ஊசி வளைந்திருந்தால் வொறன்ரி இல்லை என்பார்கள், வழியில் வளைந்ததா வீட்டில் வளைந்ததா என்று யார் வழக்காடுவது?

(எழும்பிக் கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிற கணினிகளையும் கொண்டுவருகிறார்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கிற பிளாஸ்ரிக் தாளை உரித்தீர்களா, இன்ரெல் கூலர் என்றால் நான்கு காலும் இறங்கிப் பூட்டியதா என்று பாருங்கள். அனேகமாக அதோடு முடிந்துவிடும்.)

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஸ்ரான்லி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் போன் வாங்கினால் பெட்டியை உடைத்துப் போட்டுக் காட்டித்தான் தருகிறீர்கள். மின்குமிழ் வாங்கினால் கூட ஹோல்டரில் போட்டு எரித்துக் காட்டுகிறீர்கள். இலட்சக் கணக்கில் காசு கொடுத்து மதர்போட், புரொசஸர், ராம் மூன்றையும் ஒரே கடையில் வாங்குகிறவருக்கு அந்த மூன்றையும் மேசையில் வைத்துப் பூட்டிப் பயோஸ் திரையை ஒருமுறை காட்டி அனுப்ப ஏன் ஏலாது? பூட்டுக்கூலி வேண்டுமென்றால் வாங்குங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. பில்லில் பயோஸின் பதிப்பு இலக்கத்தையும் எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. இதை ஏற்கெனவே செய்கிற கடைகளும் ஊரில் இருக்கின்றன, அவர்களுடைய வாடிக்கையாளர்கள் என்னிடம் வருவதில்லை என்பதால் எனக்கு நட்டம்தான்.

பள்ளிக்கூடங்களைப் பற்றியும் ஒரு வரி. ஏ.எல்.லில் ஐ.சி.ரி. (தகவல் தொழில்நுட்பம்) படிக்கிற பிள்ளைக்கு லொஜிக் கேற் வரையத் தெரியும், பைதனில் புரோகிராம் எழுதத் தெரியும், நல்ல விஷயம். ஆனால் ராம் ஒன்றைக் கையால் கழற்றிப் போட்ட பிள்ளைகள் அவர்களுக்குள் எத்தனை பேர்? ஆய்வுகூடங்களின் மூலையில் பழுதென்று ஒதுக்கி வைத்த கணினிகள் இருக்கின்றன, அவற்றைக் கழற்றிப் பூட்ட விடலாமே.

சுன்னாகத்து ஐயாவுக்கு: சாமான் இன்னும் கொழும்புக்குப் போகாவிட்டால் திருப்பி வாங்குங்கள். பில்லில் புரொசஸரின் இலக்கம் எஃப் என்று முடிகிறதா, அப்படியென்றால் மொனிற்றர் வயர் எந்த வாயில் இருந்தது என்று மகனைக் கேளுங்கள். பிறகு ராம், ஒற்றையாக, இரண்டாவது குழியில், நன்றாக அழுத்தி. சாமான் கொழும்புக்குப் போய்விட்டது என்றால், கடையில் எந்த விளக்கு அணையாமல் நின்றது என்று கேட்டு அதை எழுதி வாங்குங்கள். விளக்கைப் பார்க்காமலே போட் பழுது என்று சொன்னார்கள் என்றால் நீங்கள் எழுதிய கடிதத்தில் பாதி சரிதான், அந்தப் பாதிக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
கோண்டாவில்.